பாச்சா உருண்டையும் ஒரு 'நார்மல்' ரிப்போர்ட்டும்

போன தை மாதம் முன்னோர் படைப்புக்காகச் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்தோம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடு. இரண்டாம் கட்டு இரும்புப் பெட்டியிலிருந்து போர்வையும் ஜமுக்காளமும் எடுத்து, வெயில்கூடக் காட்டாமல், ஒரு உதறு உதறிப் பையனுக்கு விரித்தேன். அவனுக்கு மூன்று வயது. பெட்டிக்குள் கைப்பிடி கைப்பிடியாகப் பாச்சா உருண்டை. அந்துருண்டை என்றும் சொல்வார்கள். அந்த நெடி எனக்கு லீவு வாசனை. இரண்டு ராத்திரி அதில் முகத்தைப் புதைத்துத்தான் தூங்கினான்.

மூன்றாம் நாள் காலை அவன் ஒன்றுக்குப் போனது கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. "சூடுதான் ஆத்தா, இளநி குடு" என்றார் மாமியார். சாயங்காலத்துக்குள் கண் மஞ்சள், உதடு வெளுப்பு. அருகில் ஒரு டாக்டரிடம் ஓடினோம். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், காமாலை என்று எழுதி அனுப்பிவிட்டார். ரத்தம் எடுக்கவில்லை, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கவும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. வீட்டில் கீழாநெல்லி அரைபட்டது. வளவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டைக்கு மேலேயே நெஞ்சு படபடப்பது தெரிந்தது. அதே போர்வையைச் சுற்றிக் காரில் போட்டு, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குக் கிளம்பினோம்.

அங்கே ஹீமோகுளோபின் 5.4. காமாலையைக் காட்டும் பிலிருபின் ஏறியிருந்தது, ஆனால் கல்லீரல் கணக்கெல்லாம் சரியாக இருந்தது. சிறுநீரில் ரத்தம் என்று சோதனைப் பட்டை காட்டியது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு சிவப்பணுவும் இல்லை. உடலுக்குள்ளேயே அணுக்கள் உடைந்து, அதிலிருந்த ஹீமோகுளோபின் மட்டும் சிறுநீரில் வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு, கண்ணாடியில் தடவிய ரத்தப்பூச்சை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அதிரசத்தை ஓரமாக ஒரு கடி கடித்து வைத்த மாதிரி அணுக்கள். "சமீபத்துல புது மாத்திரை ஏதாவது? மருதாணி? பாச்சா உருண்டை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, போர்வையைத் தூக்கிக் காட்டினேன். அறை முழுக்க அந்த நெடி. "முதல்ல அதை வெளியே கொண்டுபோய்ப் போடுங்க."

ஜி6பிடி என்ற நொதி சிவப்பணுவுக்குக் காவல் மாதிரியாம். பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலீன் போன்றவை உள்ளே போனால் அணு அரிபடாமல் தடுக்கிற குளுட்டாதயோனைத் தயார்நிலையில் வைத்திருப்பது அதன் வேலை. என் பையனுக்கு அந்த நொதி குறைவாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாளில் சிறுநீர் தெளிந்தது.

அப்புறம்தான் குழப்பம். டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த ஜி6பிடி சோதனை 'நார்மல்' என்று வந்தது. அப்பாடா என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பலவீனமான பழைய அணுக்கள் எல்லாம் உடைந்து போய்விட்டன, இப்போது ஓடுவது புதிதாக உற்பத்தியானவை, அவற்றில் நொதி கூடுதலாக இருக்கும். போதாததற்கு ஏற்றிய ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. "இந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க." வீட்டில் யாருக்கும் மறுபடி ஊசி குத்த மனசில்லை. 'நார்மல்னு எழுதியிருக்கே' என்று என் கணவரே சொன்னார். சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். இந்தத் தடவை, இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றைக்குப் போகாமல் விட்டிருந்தால் அந்த நார்மல் தாள்தான் அவன் ஃபைலில் இருந்திருக்கும்.

இது எக்ஸ் குரோமோசோம் வழியாக, தாயிடமிருந்து ஆண்பிள்ளைக்கு வருவது. நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்பதை அப்பச்சி (அப்பா) வழியில் சொல்லிப் பழகிய எங்களுக்கு, இது ஆயா வழிச் சொத்து. என்னைப் பெற்ற ஆத்தாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அம்மானுக்கும் இப்படித்தான் கறுப்பாப் போச்சு" என்றார். ராமேஸ்வரத்தில் வேலை பார்த்தபோது மலேரியா வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ரத்தம் ஏன் உடைகிறது என்று தேடப்போய்த்தான் 1956-ல் இந்தக் குறையையே கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அன்று வைத்த பெயர் கண்ணேறு. என் தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளும் சோதித்துக்கொண்டாள், பிறந்த பிள்ளைக்கும் முதல் வாரம் முழுக்கக் காமாலையைக் கவனித்துப் பார்த்தார்கள்.

தவிர்க்க வேண்டிய பட்டியலில் ஃபாவா பீன்ஸ் இருந்ததைப் பார்த்து, மாமியார் மொச்சையையும் அவரையையும் அடுப்படியிலிருந்தே துரத்திவிட்டார். இரண்டு மாதம் மொச்சை மண்டி இல்லாத வீடு! அது வேறு செடி, வடக்கே பாக்லா என்பார்கள், நம் மொச்சை இவனுக்கு ஆகும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் சமாதானம். பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃப்யூரன்டாயின் என்று அவனுக்கு ஆகாத மருந்தெல்லாம் எழுதிய அட்டை இப்போது என் பர்ஸில் இருக்கிறது. காய்ச்சல் என்று யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.

இரும்புப் பெட்டியில் இப்போது காய்ந்த நொச்சியும் வேப்பிலையும். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு உறவுக்காரர் ஒருவர் பட்டுச்சேலை சரசரக்க முகப்பில் ஏறினார். மாமியார் கும்பிடுவதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார். "பாச்சா உருண்டை போட்ட சேலையா ஆச்சி? கோவிச்சுக்காதீக, புள்ளையைத் தூக்க வேணாம்."