ஓகஸ்டில் மன்னாரைப் பார்த்தவர்கள்

ஓகஸ்ட் 18, திங்கள்

ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்திருக்கிற அக்காவும் அத்தானும் மடுத் திருவிழா முடிந்து இரவு கொழும்பில் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்ற முன்னமே அத்தான் தொடங்கிவிட்டார். "மடுவால அப்பிடியே மன்னாரையும் ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு போனம். என்ன ஊரப்பா அது! கழுதை, காத்து, கருவாடு. வேற ஒண்டுமில்லை." சின்னம்மா சிரித்தா. அக்காவும் சிரித்தா. மன்னார்க்காரி நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு வேறென்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சு ஒபரேசனுக்கு இன்னும் திகதி தரவில்லை.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். சனம் றோட்டு வரைக்கும். மெழுகுதிரி கொளுத்திவிட்டு நேரே வாட்டுக்குப் போனேன். திகதி இல்லை.

ஓகஸ்ட் 20, புதன்

நித்திரை இல்லை. படுத்துக்கிடந்து அத்தானுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நல்ல பேச்செல்லாம் இரவு இரண்டு மணிக்குத்தான் வாயில் வரும்.

ஓகஸ்ட் என்றால் எங்களுக்குச் சோளகம், தென்மேற்குக் காற்றுக் காலம். புல் கருகி, மண் வெளுத்து, பனையோலை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். தள்ளாடி என்ற இடத்துப் பக்கத்து நீரெல்லாம் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும். வானுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாதுதான். அதே இடத்தில் கார்த்திகை மழை விழட்டும். தை, மாசியில் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு ரோஸ் நிறக் கோடு மட்டும் தெரியும். ஆராவது கைதட்டினால் அந்தக் கோடு அப்படியே எழும்பும். வங்காலைச் சரணாலயம் என்று 2008இல் அறிவித்தார்கள். 2010இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேயர். சைபீரியாப் பக்கத்திலிருந்துகூடப் பறவை பருவம் பார்த்து வருகிறது. ரொறன்ரோவிலிருந்து வருகிறவர் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவைப் பார்த்து வருகிறார்.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும், பாஓபாப் என்பார்களே, அதையும் பார்த்தாராம். "இலையே இல்லை, செத்த மரம்" என்றார். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். செத்த மரமாம்! அதற்குக் கிட்டப் போய் ஒருநாளாவது கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பட்டை சாம்பல் நிறம், வழவழப்பு, அடியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் உடனே உள்ளே பச்சை தெரியும். வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு அந்தப் பச்சையை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிற மரம் அது. சின்னதில் நாங்கள் அதில் பெயர் கிறுக்கி அடி வாங்கியிருக்கிறோம்.

கழுதை இருக்கிறதுதான். அரபு வணிகர் கொண்டுவந்து விட்டது என்பார்கள். இப்போது வேலை வெட்டி இல்லாமல் பஸ் நிலையத்தடியில் நின்று பொலித்தீன் பை தின்கின்றன. அதை நானே சொல்வேன். அவர் சொல்லக் கூடாது.

ஓகஸ்ட் 21, வியாழன்

பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் தாத்தா. அப்பாவும் அவரும் நல்ல சிநேகிதம். இன்றைக்கு நான் போகும்போது அப்பா எங்கள் ஊரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். "கிணத்துத் தண்ணி உப்பு. வெக்கை எண்டால் சொல்லி வேலையில்லை. இந்தியன் றோலர்ப் படகு வந்து வலையை அறுத்துப்போட்டுப் போகுது. மிச்சம் இருக்கிற வேலியைக் கழுதை தின்னுது." நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒருத்தர் போதாதென்று இவருமா?

தாத்தா சொன்னார், "எங்க ஊருல அட்டை, ஒங்க ஊருல கழுதை. அட்டை பரவாயில்லீங்க, வேலியத் திங்காது." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நேர்ஸ் மிஸ் வந்து ஏசிவிட்டுப் போனா. நெஞ்சு நோவுக்காரர் சிரிக்கிற சிரிப்பா அது.

அப்பா கண்ணயர்ந்தபிறகு தாத்தா என்னைக் கூப்பிட்டார். "நான் ஒங்க ஊரப் பாத்திருக்கேன் மகளே. தலைமன்னாரு."

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். மலையகச் சனத்தில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று. தாத்தாவின் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியப் பக்கம் விழுந்தது, இவருக்கு இந்தப் பக்கம். எழுபதுகளில் ஒருநாள் இவரும் அவர்களோடு கோச்சி ஏறித் தலைமன்னார் வரைக்கும் வந்திருக்கிறார். அழுகைக் கோச்சி என்றுதான் தோட்டத்தில் சொல்வார்களாம். "கப்பல்ல அண்ணன் கைய ஆட்டுனாரா, யாரு கையின்னே தெரியல. எல்லாரும் ஆட்டுறாங்க. கடல அன்னைக்குத்தான் மொத மொத பாத்தேன். நல்ல நீலம். அதுக்கப்புறம் எனக்குக் கடல்னாலே ஆகாது."

அவருடைய பாட்டன்மார் கோப்பிக் காலத்தில் வந்திறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்ததும் எங்கள் மன்னார்க் கரையிலிருந்துதான்.

அத்தானுக்குச் சொல்லவென்று மனசில் வைத்திருந்த பட்டியலில் தலைமன்னார் இறங்குதுறையில் பொழுதுபடுகிறதும் இருந்தது. தாத்தாவிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

எக்கோ ரிப்போட் வந்தது. அதைப் பார்க்க வேண்டிய டொக்டர் லீவில்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

லூசியாஸ் கோயிலில் பூசை. வந்து மத்தியானம் சின்னம்மா கருவாடு பொரித்தா, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்க மணம். அத்தான் பீங்கானை வழித்துத் தின்றார். "எந்தக் கடையில வாங்கினது மாமி?" பேசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் காய்ந்தது, என் பையில் பேப்பரில் சுற்றி வந்தது என்று சொன்னேன். அதற்கும் அசையவில்லை. "கருவாடு நல்லம். ஊர்தான் சரியில்லை."

பிறகு நான் விடவில்லை. கோட்டையைப் பார்த்தீங்களோ? 1560இல் போர்த்துக்கேயர் கட்டினது. கட்டுக்கரைக்குளம் பார்த்தீங்களோ? பச்சை வயல் பார்க்க வேண்டுமென்றால் அங்கே நிற்க வேண்டும். நல்லூர்க் கொடிக்கு லீவு போட்டு ஓடிவருகிற சைவக்காரர், திருக்கேதீச்சரத்துக்குக் கிட்ட வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் வந்திருக்கிறீங்கள். இலங்கையில் தேவாரம் பாடப்பட்ட தலம் இரண்டே இரண்டு, அதில் இது சம்பந்தரும் சுந்தரரும் பாடின இடம். வேதக்காரி நான் சொல்லித் தரவேண்டிக் கிடக்கு.

"அது மாந்தையடி பிள்ளை. மன்னார்த் தீவுக்குள்ள வராது" என்றார்.

மனுசன் கூகுள் பார்த்து வைத்திருக்கிறார்! மாவட்டம் ஒன்றுதானே என்றேன். அக்கா தயிரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தா.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

அத்தானின் போனில் மன்னார்ப் படங்கள் பார்த்தேன். எல்லாமே காற்றாலை. ஊரில் வேறொன்றையும் எடுக்கவில்லை.

பின்னேர வெளிச்சத்தில் அவை வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. தம்பபவனி என்று பெயர், முப்பது காற்றாடி, தீவின் தென்கரை நீளத்துக்கு நிற்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு மழைத் தண்ணீர் வடிந்தோட மாட்டேன் என்கிறது, கரையில் மீன் குறைந்துவிட்டது என்று ஊரில் சொல்லாத ஆளில்லை. இன்னும் கொண்டுவரப் போகிறார்கள். கனிய மண்ணும் தோண்டப் பார்க்கிறார்கள். அதுக்கெல்லாம் எதிராகச் சனம் நகரத்தில் கொட்டகை போட்டு இருக்குது. தங்கச்சி இரவில் அங்கேயிருந்துதான் எனக்குப் போன் எடுக்கிறாள். பின்னால் கோஷம் கேட்கும், அப்பா எப்படி என்று கத்திக் கேட்பாள்.

எனக்கு அத்தானில் கோபம் இதனால்தான் என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது. பகிடியை நான் தாங்குவேன். அங்கே ஒன்றுமில்லை என்று பத்துப் பேர் சொன்னால், பதினோராவது ஆள் அளவுகோலோடு வந்து நிற்பான். வெறும் மண்தானே, கொஞ்சம் அள்ளினால் என்ன என்பான். அந்த மண்ணுக்குக் கீழேதான் எங்கள் நல்ல தண்ணீர் கிடக்கிறது. மேலே மழை, கீழே உப்பு, நடுவில் ஒரு மெல்லிய படை நல்ல தண்ணீர். மண்ணை அள்ளிவிட்டால் அப்பா சொல்கிற உப்புக் கிணறு எல்லார் வீட்டிலும்தான்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியுமா?

ஓகஸ்ட் 27, புதன்

திகதி தந்துவிட்டார்கள். செப்ரெம்பர் 3. இரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டும்.

ஓகஸ்ட் 28, வியாழன்

அப்பா ஒபரேசனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகைப் பற்றித்தான் கேட்கிறார். சோளகம் முடிய முன்னம் எஞ்சினைக் கழற்றிப் பார்க்கச் சொல்லு, வாடைக்குத் தெற்கு மாறவேணும். சோளகத்துக்கு வடகடல், வாடைக்குத் தென்கடல். தீவு அவ்வளவு ஒடுக்கம். ஒரு பக்கம் கடல் கொதித்துக்கொண்டிருக்க மற்றப் பக்கம் எண்ணெய் வார்த்த மாதிரிக் கிடக்கும். இரண்டு கடல் வைத்திருக்கிற ஊரைப் போய் ஒன்றுமில்லை என்றாரே.

இனி வாடைக்கு அப்பா போவாரா என்று டொக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

ஹட்டன் தாத்தாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் முகம் தொங்கிப்போய்க் கிடக்கிறது.

அத்தான் நாளை இரவு பயணம். சொல்லிக்கொண்டு போக வாட்டுக்கு வந்தார், ஹோர்லிக்ஸ் போத்தலோடு. சும்மா கதைக்கு, "மாமா, மன்னாருக்கு எப்ப வந்தால் நல்லம்?" என்று கேட்டார். என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான். அப்பா, "ஏன் தம்பி வீணா? வெக்கை" என்றார்.

கடவுளே.

செப்ரெம்பர் 1, திங்கள்

அத்தான் போய் இறங்கிவிட்டாராம். வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை:

அத்தான், மாசியில் வாங்கோ. வான் வேண்டாம், கோச்சியில் வாங்கோ. 1914இல் தலைமன்னார் வரைக்கும் ஓடத் தொடங்கினது, 1990இல் சண்டையோடு நின்றது, 2015 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. அதில் ஏறி வந்தாலே பாதி ஊர் விளங்கும். மடு றோட் தாண்டினதும் நித்திரை கொள்ள வேண்டாம். காடு முடிந்து வயல் வரும், வயல் முடிந்து தண்ணீர் வரும். தண்ணீர் வந்ததும் இரண்டு பக்கமும் பாருங்கோ, போனில் இல்லை, கண்ணால். மன்னார் ஸ்ரேசனில் இறங்காதேங்கோ, பேசாலைக்கு வாங்கோ, தங்கச்சியின் மகன் சைக்கிளோடு நிற்பான். குடிக்கத் தண்ணீர் நாங்கள் தருவோம், உப்பில்லாத கிணறு எது என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் விடிய அரிப்புக்குப் போகலாம், நோர்த் தேசாதிபதி முத்துக்குளிப்புப் பார்க்கவென்று கட்டின மாளிகை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது, மிச்சச் சுவர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பிறகு