புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேசாமல் விட்ட விஷயம்

எனக்கு வந்தது புராஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், கேன்சர். அது திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போன வாரம் வந்தது, 0.1-க்கும் கீழே, திரும்பியதற்கான அறிகுறி இல்லை. ஆபரேஷன் முடிந்து 20 மாதம் ஆகிறது, இதுவரை எடுத்த எல்லா டெஸ்ட்டிலும் இதே பதில்தான். மகள் ஃபோனிலேயே அழுதுவிட்டாள், தம்பி வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தான். பார்ப்பவர்கள் எல்லோரும், "இப்போ ஒரு தொந்தரவும் இல்லையே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குத் தானாக விறைப்பு வருவதில்லை. இதை எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "என் பேரு மட்டும் வேண்டாங்க, மத்ததெல்லாம் எழுதுங்க, யாருக்காவது உதவட்டும்" என்றாள்.

எனக்கு 61 வயது. வீடு வில்லிவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. கேன்சரைக் கண்டுபிடித்தபோது பி.எஸ்.ஏ. 11, பயாப்சியில் கேன்சரின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 7. புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிடலாம் என்று முடிவானது. கையெழுத்து போடக் கொடுத்த தாளில் இருபது முப்பது வரிகளுக்கு நடுவில் ஆண்மை பாதிக்கப்படலாம் என்றும் ஒரு வரி இருந்தது. மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்ற நேரத்தில் இதைக் கேட்பதே தப்பு என்று நினைத்தேன். அது தப்பே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மகனை வெளியே அனுப்பிவிட்டு, மனைவியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

என்ன நடக்கிறது என்பது இரண்டாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை டாக்டர்) ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதன் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல மெல்லிய நரம்புகள் இறங்குகின்றன, ஆணுறுப்புக்கு ரத்தத்தைத் திறந்துவிடச் சொல்பவை அவைதான். அவை எந்த வழியாகப் போகின்றன என்பதே முன்பு சர்ஜன்களுக்குச் சரியாகத் தெரியாது. பாட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க சர்ஜன் 1981-ல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் பீட்டர் டோங்கர் என்ற மூத்த டாக்டரோடு சேர்ந்து அந்தப் பாதையைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த வருஷமே நரம்பை விட்டுவைத்து ஆபரேஷன் செய்து காட்டினார். ஆனால் விட்டுவைத்த நரம்பும் இழுபட்டு, சூடுபட்டு மரத்துப் போகிறது, தெளிய ஒன்றரை இரண்டு வருஷம்கூட ஆகலாம். எனக்கு இடது பக்கம் கட்டி ஓரம் வரை வந்திருந்ததால் அந்தப் பக்க நரம்பும் சேர்ந்து போய்விட்டது. வலது பக்கம் மட்டும்தான் மிச்சம்.

இதெல்லாம் தெரியாமல் முதல் எட்டு மாதம் நான் பட்டது கொஞ்சமில்லை. விறைப்புக்கான மாத்திரை சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தார்கள், போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மாத்திரைக்கே அசையவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். நரம்பு முதலில் ஒரு சைகை கொடுக்க வேண்டும், அந்தச் சைகை சீக்கிரம் அணையாமல் பிடித்துவைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நரம்பே மரத்துக் கிடக்கும்போது மாத்திரை எதைப் பிடித்துவைக்கும்? அதிலும் நான் ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டிருக்கிறேன், எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேரவே நேரமாகும். இன்னொன்று, நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது, பிரஷர் படுவேகமாக இறங்கிவிடும். நண்பரிடம் கேட்டு வாங்கிப் போடுகிற விஷயம் இல்லை இது.

அப்புறம்தான் அந்த லாட்ஜ். எலெக்ட்ரிக் டிரெயினில் போகிறவர்கள் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள், 'நரம்புத் தளர்ச்சியா?' என்று. எனக்கு நிஜமாகவே நரம்பில்தானே கோளாறு, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ் அறை, வெளியே பெஞ்சில் என் மகன் வயதுப் பையன்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்தவர் ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வயதில் கைப்பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார். லேகியம், சூரணம் எல்லாமாக 18,000 ரூபாய். அந்தப் பையன்களின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் பணம் போனது பெரிதில்லை. நான் ஹாலுக்குப் படுக்கப் போனதுதான் பெரிய தப்பு. ஆபரேஷனின்போது சிறுநீர் வெளியேற வைத்த கதீட்டர் குழாயை எடுத்த பிறகு சில மாதம் சிறுநீர் கசியும், பேட் கட்டிக்கொண்டு இருந்தேன். இடுப்புத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்து செய்து நான்காவது மாதம் அது நின்றுவிட்டது, ஆனாலும் நான் ஹாலிலேயே இருந்தேன். தொட்டால் அவள் எதிர்பார்ப்பாளோ, எதிர்பார்த்தால் என்னால் முடியாதே என்று தொடுவதையே விட்டுவிட்டேன். டம்ளரை வாங்கும்போது விரல் படாமல் வாங்கியிருக்கிறேன், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

ஒரு ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும், தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து சோபா பக்கத்தில் தரையில் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில், "என் மேல ஏதாவது கோவமா?" என்றாள். எட்டு மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது அது! மெனோபாஸுக்கு அப்புறம் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது, நோயைச் சாக்காக வைத்து ஒதுங்குகிறேன் என்று. நானும் கீழே இறங்கி உட்கார்ந்தேன். விடியற்காலை பால் பாக்கெட் வரும்வரை பேசினோம். 34 வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தைகளை நாங்கள் வாயால் சொன்னது அன்றுதான்.

இரண்டாவது யூராலஜிஸ்டைப் பார்த்தது அதற்குப் பிறகுதான், அவளும் வந்தாள். அவர்தான் வாக்குவம் பம்பைச் சொன்னார். ஒரு கண்ணாடி போன்ற குழாய், கையால் காற்றை இழுக்கும் பம்ப், ரத்தம் வந்து நிறைந்ததும் அடியில் மாட்ட ஒரு ரப்பர் வளையம். வளையம் 30 நிமிஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கண்டிப்பாக. வாழ்நாள் முழுக்க மெஷினோடு இருந்தவன் என்பதால் பழக நேரமாகவில்லை. தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அடியில் ஆட்டம் இருக்கும், பழையபடி இல்லைதான். ரத்த ஓட்டம் இல்லாமல் கிடந்தால் திசு சுருங்கும், அதற்காகவும் தினமும் செய்யுங்கள் என்றார், இதற்கு முழு ஆதாரம் இன்னும் இல்லை என்றும் அவரே சொன்னார். நான் செய்கிறேன்.

முக்கியமான ஒன்று, விறைப்பு இல்லாமலேயே உச்சம் வரும். விந்து வராது, அதைச் சுரக்கும் உறுப்புகளை எடுத்துவிட்டார்களே, ஆனால் அந்த உணர்வுக்கான நரம்பு வேறு. இது தெரிந்த நாளில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

இப்போது கட்டிலில் என் பழைய இடத்தில், ஜன்னல் பக்கம் படுக்கிறேன். பம்ப் டப்பாவை அவள்தான் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுத்தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆணுறுப்பின் பக்கவாட்டில் நேராகப் போடுவது, நரம்பின் சைகை இல்லாமலே வேலை செய்யும், 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள், இதுவரை 7 கேள்வி.