ஆர்எஃப் பவர் ஆம்ப் பயாஸிங்: செமஸ்டருக்கும் வைவாவுக்கும் நான் படிச்ச விதம்

சர்க்யூட்ஸ் பேப்பர்ல பயாஸிங் (சிக்னல் வர்றதுக்கு முன்னாடியே டிரான்சிஸ்டர்ல அளவா டிசி கரண்ட் ஓட வைக்கிறது) யூனிட்ட நம்ம பசங்க எல்லாருமே மனப்பாடம் பண்ணிதான் எழுதுதாங்க. ஃபிக்ஸட் பயாஸுக்கு ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் 1 + பீட்டா (டிரான்சிஸ்டரோட கரண்ட் கெயின்), வோல்டேஜ் டிவைடருக்கு ஒரு நீள ஃபார்முலா, அப்புறம் டயோடு, தெர்மிஸ்டர், சென்சிஸ்டர்னு மூணு காம்பன்சேஷன் (சூட்டால கரண்ட் மாறுறதை ஈடுகட்டுறது) படம், 13 மார்க் வந்துரும். ஆனா ஃபைனல் இயர்ல ஆர்எஃப் பவர் ஆம்ப்ளிஃபயர (ரேடியோ சிக்னலை ஆன்டெனாவுக்கு அனுப்புற அளவு பெருசாக்குறது) ப்ராஜெக்ட்டா எடுத்தீங்கன்னாலோ, வைவாவுல எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்தப் பக்கம் திரும்பிட்டாருன்னாலோ அது பத்தாது. திருநெல்வேலில இதே சிலபஸ் படிச்சு, இதே டாபிக்ல ப்ராஜெக்ட் பண்ணி முடிச்சவன்ங்கிறதால ஜூனியர்ஸுக்கு உதவும்னு எழுதுதேன்.

முதல்ல அந்த தெர்மல் ரன்அவே (சூட்டால கரண்ட் கூடி, அதால இன்னும் சூடு கூடி, டிரான்சிஸ்டர் எரிஞ்சு போறது) டெரிவேஷனை எடுங்க. கடைசில ஒரு வரி வரும், விசிஇ (கலெக்டர்-எமிட்டர் வோல்டேஜ்) வந்து விசிசில (சப்ளை வோல்டேஜ்) பாதிக்குக் கீழ இருந்தா ரன்அவே வராதுன்னு. அதைக் கட்டம் போட்டு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவோம். அது ஏன்னு பைய யோசிச்சுப் பாருங்க. கலெக்டர்ல ரெசிஸ்டர் இருக்கு, கரண்ட் கூடினா அதுல வோல்டேஜ் விழும், டிரான்சிஸ்டருக்கு மிஞ்சுற வோல்டேஜ் கொறையும், பாதிக்குக் கீழ போயிட்டா கரண்ட் கூடக் கூட டிரான்சிஸ்டர்ல செலவாகுற பவர் கொறையத்தான் செய்யும். அதனால தானா அடங்கிரும். இப்ப ஆர்எஃப் பவர் ஆம்ப் படத்தைப் பாருங்க, கலெக்டர்ல ரெசிஸ்டரே கெடையாது, சோக்தான் (ஆர்எஃப்பைத் தடுக்கிற காயில்) இருக்கு, டிசிக்கு அது வெறும் கம்பி. அப்போ விசிஇ எப்பவுமே விசிசிதான், கரண்ட் எவ்வளவு கூடினாலும் வோல்டேஜ் எறங்கவே எறங்காது, சூடும் கூடிக்கிட்டேதான் போகும். புக்ல கட்டம் போட்ட பாதுகாப்பு இங்க செல்லாது. காம்பன்சேஷன் எதுக்குன்னு கேட்டா இதைத்தான் முதல்ல சொல்லணும், ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் அப்புறம்தான்.

இன்னொண்ணு, ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் எஸ்ஸுங்கிறது ஐசிஓவை (கலெக்டர் லீக்கேஜ் கரண்ட்) வச்சு வர்றது, 10 டிகிரிக்கு ஒருக்கா லீக்கேஜ் டபுள் ஆகும்னு படிப்போம்லா, அது ஜெர்மானியம் காலத்துல பெரிய தலைவலி. சிலிக்கான்ல லீக்கேஜ் ரொம்பக் கம்மி, இங்க ஆட்டத்தைக் கலைக்கிறது விபிஇ (பேஸ்-எமிட்டர் வோல்டேஜ்). டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் எறங்கும். 2 மில்லிவோல்ட்தானன்னு விட்டுராதீங்க, கரண்ட் எக்ஸ்பொனென்ஷியலா போகுது, 26 மில்லிவோல்ட்ங்கிற தெர்மல் வோல்டேஜால வகுத்தா டிகிரிக்கு கிட்டத்தட்ட 7.7 சதவீதம் கூடுது. பேஸ் வோல்டேஜை அசையாம வச்சு 100 மில்லிஆம்ப்ல பயாஸ் பண்ணியிருக்கோம், சப்ளை 12.5 வோல்ட், ஜங்ஷன்ல இருந்து காத்து வரைக்கும் தெர்மல் ரெசிஸ்டன்ஸ் வாட்டுக்கு 10 டிகிரின்னு வைங்க. ஒரு டிகிரி ஏறினா 7.7 மில்லிஆம்ப், அதை 12.5ஆல பெருக்கினா 96 மில்லிவாட், அது ஜங்ஷனை இன்னொரு 0.96 டிகிரி ஏத்தும். இந்த 0.96 ஒண்ணைத் தாண்டினா ரன்அவே, கரண்ட் கொஞ்சம் ஏறினாலே தாண்டிரும். இந்தக் கணக்கைப் பரீட்சைல நாலு வரில போட்டுக் காட்டுங்க, டெரிவேஷன் மட்டும் எழுதுறவங்களை விட உங்க பேப்பர் தனியாத் தெரியும்.

நம்ம ஊருக்கு இது இன்னும் முக்கியம். ஏசி லேப்ல 25 டிகிரில பயாஸ் செட் பண்ணிட்டு, மே மாசம் பாளையங்கோட்டை வெயில்ல 40 டிகிரில ஆன் பண்ணினா வித்தியாசம் 15 டிகிரி, அதாவது 30 மில்லிவோல்ட். சுயமா சூடாகுறதுக்கு முன்னாடியே கரண்ட் மூணு மடங்குக்கு மேல போயிரும்.

எமிட்டர்ல ரெசிஸ்டர் போட்டா போதாதான்னு கட்டாயம் கேப்பாங்க. சின்ன சிக்னல் ஸ்டேஜ்ல போதும். பவர் ஸ்டேஜ்ல ஆம்பியர் கணக்குல ஓடுறப்ப அரை ஓம் கூட 12 வோல்ட் சப்ளைல கையைக் கடிக்கும், அதோட எமிட்டர் நேரா கிரவுண்டுல உக்காரலன்னா ஆர்எஃப் கெயின் போயிரும், பைபாஸ் கெப்பாசிட்டர் லீட்ல இருக்கிற இண்டக்டன்ஸே அந்த ஃப்ரீக்வென்சில தொந்தரவு. அதனாலதான் டயோடு, சூட்டுல அதோட வோல்டேஜும் விபிஇ மாதிரியே எறங்கி பேஸ் வோல்டேஜையும் கூடவே எறக்கிரும்.

டயோடு படம் எல்லாருக்கும் தெரியும், அதை எங்க வைக்கணும்ங்கிறதுதான் விஷயம். போர்டுல எங்கேயோ ஒரு மூலைல சால்டர் பண்ணினா அது ரூம் சூட்டைத்தான் பாக்கும். டிரான்சிஸ்டர் உடம்புலயோ, அது உக்காந்திருக்கிற ஹீட்சிங்க்ல அதுக்கு ஒட்டியோ, தெர்மல் பேஸ்ட் தடவி அழுத்தி வைக்கணும். அப்பவும் ஜங்ஷன் சூடாகி டயோடுக்கு வந்து சேர நேரம் ஆகும், அந்த இடைவெளில கரண்ட் கொஞ்சம் ஏறிட்டுத்தான் எறங்கும், மீட்டர்ல பாத்தா நல்லாத் தெரியும். டயோடு மேல ஆர்எஃப் ஏறாம பைபாஸ் போடுங்க, இல்லன்னா அதுவே ரெக்டிஃபை பண்ணி பயாஸை நகத்திரும்.

டயோடுல எவ்வளவு கரண்ட் விடணும்னு என் வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டாரு, நல்ல கேள்வி. டிரைவ் வந்து கலெக்டர் 2 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க, பீட்டா 40ன்னா பேஸ் 50 மில்லிஆம்ப் கேக்கும். டயோடுல 50க்கு மேல ஓடிக்கிட்டு இருந்தாத்தான் அதுல இருந்து கொடுக்க முடியும், இல்லன்னா சத்தம் உச்சத்துக்குப் போறப்ப பயாஸ் விழுந்து கிளாஸ் ஏபி (சிக்னல் இல்லாதப்பவும் கொஞ்சம் கரண்ட் ஓடுற) ஸ்டேஜ் கிளாஸ் சி (சிக்னல் உச்சத்துல மட்டும் கரண்ட் ஓடுற) பக்கம் சாஞ்சிரும், எஸ்எஸ்பி (குரலை அனுப்புற ஒரு ரேடியோ முறை) சிக்னல் கரகரன்னு ஆயிரும். எஃப்எம்னா கிளாஸ் சியே போதும், பயாஸ் டயோடு தேவையே இல்லைங்கிறதையும் கூடவே சொல்லிருங்க.

மாஸ்ஃபெட் வந்தா ஒரு பொறி இருக்கு. மாஸ்ஃபெட்டுக்குத் தெர்மல் ரன்அவே கெடையாதுன்னு நோட்ஸ்ல எழுதியிருக்கும். சுவிட்ச்சா முழுசா ஆன் பண்ணினா சூட்டுல ரெசிஸ்டன்ஸ் கூடும், அதுக்கு அந்த வரி சரி. ஆனா சின்ன கொயஸன்ட் கரண்ட்ல (சிக்னல் இல்லாதப்ப ஓடுற கரண்ட்) லீனியரா பயாஸ் பண்ணினா த்ரெஷ்ஹோல்ட் வோல்டேஜ் (கரண்ட் ஓட ஆரம்பிக்கிற கேட் வோல்டேஜ்) எறங்குறதுதான் ஜெயிக்கும், சூடு ஏற ஏற கரண்டும் ஏறும். கரண்டைக் கூட்டிக்கிட்டே போனா ரெண்டும் சமமாகுற ஒரு புள்ளி வரும், அதுக்கு மேலதான் எறங்க ஆரம்பிக்கும், நம்ம பயாஸ் பண்ணுற இடம் அதுக்கு ரொம்பக் கீழ. ஹைதராபாத் ஃபர்ஹான் டிசைன் பண்ணின பிட்எக்ஸ் ரேடியோல இருக்கிற ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கிறவங்க நெறைய பேரு, விலை கம்மி, நல்ல சாய்ஸ்தான், ஆனா அதோட உலோக டேப் டிரெயினோட சேந்தது, மைக்கா ஷீட் இல்லாம ஹீட்சிங்க்ல முறுக்கிராதீங்க. கேட் டிசி கரண்ட் இழுக்காததால பொட்டென்ஷியோமீட்டர் கூட ஒரு என்டிசி தெர்மிஸ்டரை (சூடானா ரெசிஸ்டன்ஸ் கொறையுறது) ஹீட்சிங்க்ல ஒட்டினா காம்பன்சேஷன் முடிஞ்சிரும்.

வைவாவுக்குப் போறப்ப ஒரு கிராஃப் கையில இருக்கட்டும். ஆர்எஃப் டிரைவ் கொடுக்காம, ஹீட்சிங்க் சூட்டையும் கொயஸன்ட் கரண்டையும் சேத்துக் குறிச்சு, காம்பன்சேஷன் இல்லாம ஒண்ணு, போட்டு ஒண்ணு, ரெண்டு கோடும் ஒரே தாள்ல. காலைல குளுமையா இருக்கப்ப ஒரு செட், மத்தியானம் ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஒரு செட் எடுங்க. காம்பன்சேஷன் இல்லாத செட்டுக்கு சப்ளைல கரண்ட் லிமிட்டை முதல்லயே வச்சிருங்க.