தயிரும் மாம்பழமும் சேர்த்த குச்சி ஐஸ்

வீட்டில் செய்யும் தயிர்க் குச்சி ஐஸ் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொதப்பும். உறிஞ்சினால் சாறெல்லாம் வந்துவிடும், குச்சியில் ருசியில்லாத வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் மிஞ்சும். காரணம் தண்ணீர். தயிரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பழத்திலும் அதே கதை. அதை முதலில் குறைக்காவிட்டால் எவ்வளவு நல்ல அச்சு வாங்கியும் பயனில்லை.

கொழுப்பு நீக்காத பாலில் உறைய வைத்த, புளிக்காத கெட்டித் தயிர் அரை கிலோ எடுங்கள். மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் விடுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிடுவது பலருக்கு வழக்கம். சித்திரை வெயிலில் அப்படிச் செய்தால் வடிவதற்குள் புளித்துவிடும், அப்புறம் அந்தப் புளிப்பை மறைக்கக் கூடுதலாகச் சர்க்கரை கொட்ட வேண்டியிருக்கும். வடிந்தபின் சுமார் 250 கிராம் நிற்கும். வடிநீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

இதற்கு மாம்பழச் சதை 300 கிராம், தேன் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, விருப்பமிருந்தால் கொஞ்சம் ஏலக்காய்த்தூள். பங்கனப்பள்ளியோ இமாம் பசந்தோ நல்லது. நார்ப்பழம் என்றால் அரைத்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் பழத்தை மட்டும் அரைக்க வேண்டும். தயிரையும் போட்டு ஓட்டினால் நீர்த்து மோர்ப்பதத்துக்குப் போய்விடும், வடித்த வேலை வீண். விழுதோடு தயிரைக் கரண்டியால் கலந்தாலே போதும். இப்போது ருசி பார்த்தால் இனிப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும்.

இனிப்பே வேண்டாம் என்று தேனை அறவே விட்டால் ஐஸ் கல்லாகிவிடும். கலவையிலுள்ள நீர் முழுக்க இறுகாமல் தடுப்பதே சர்க்கரைதான். தேனுக்குப் பதில் நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றைச் சேர்த்து அரைக்கலாம், மென்மையும் கூடும். நாட்டுச்சர்க்கரை போட்டால் ஆரோக்கியம் என்பதெல்லாம் சும்மா, அதுவும் சர்க்கரைதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் கூடாது.

எல்லாப் பழமும் இதற்கு ஒத்துவராது. வேகவைக்காத அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. தயிரோடு சேர்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே கசக்கத் தொடங்கும். அன்னாசியைத் துண்டாக்கி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துச் சேர்த்தால் கசப்பு வராது. தர்பூசணி வெறும் தண்ணீர், விட்டுவிடுங்கள். மாதுளை முத்துகள் உறைந்தால் பல்லுக்குச் சோதனை. சப்போட்டா அருமையாக வரும்.

அச்சு இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். பிளாஸ்டிக்கைவிட அதில் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் பனித்துகள்களும் பொடியாக இருக்கும். உறையும்போது கலவை விரியும் என்பதால் மேலே அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஊற்றியதும் டம்ளரை மேடையில் இரண்டு தட்டு தட்டினால் காற்றுக்குமிழி போய்விடும். அலுமினியத் தாளால் மூடி, நடுவில் கீறிக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். 80 மில்லி அளவில் ஆறேழு கிடைக்கும். ஃப்ரீசரின் உட்பக்கத்தில் வைத்தால் 6 முதல் 8 மணி நேரம் ஆகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் இரவு முழுவதும் வையுங்கள், இடையில் திறந்து பார்க்காதீர்கள்.

எடுக்கும்போது டம்ளரைச் சாதாரணத் தண்ணீரில் 20 விநாடி வைத்து மெல்லத் திருகினால் கழன்றுவரும். வெந்நீர் வேண்டாம், வெளிப்புறம் உருகி வழியும்.

குச்சியே இல்லாமலும் செய்யலாம். இதே கலவையை பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, உடைத்த பிஸ்தாவும் நீளவாக்கில் நறுக்கிய விதையில்லாத் திராட்சையும் தூவி, 3 மணி நேரம் உறையவைத்து உடைத்துக்கொள்ளலாம். முழுத் திராட்சை சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைக்கும். இந்தத் தகடு மெல்லியதாக இருப்பதால் வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும், தேவையானதை மட்டும் எடுங்கள்.

காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் வைக்கலாம். அதற்குமேல் மேலே பனி படர்ந்து ஃபிரிட்ஜ் வாடை ஏறும். மின்வெட்டில் உருகியதைத் திரும்ப உறையவைத்தால் மணல்போல் நறநறக்கும். குளிர்ச்சி போவதற்குள் மிக்ஸியில் அடித்து லஸ்ஸியாகக் குடித்துவிடுங்கள்.