போனவருக்கு என்ன எச்சரிக்கை?

'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' புயல் எச்சரிக்கை என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்த வரிதான். கரையில் நிற்பவருக்கு அது போதும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்களின் தூண்டில் படகுகளோ, கொச்சியிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கிளம்பினால் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கித் தொழில் செய்பவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுத்தபோது அவற்றில் பல நடுக்கடலில் இருந்தன. போனவரிடம் போகாதே என்று சொல்லி என்ன பயன்? அவ்வளவு தூரத்துக்குக் கரையிலிருந்து வி.எச்.எப். என்ற குறுந்தொலைவு ரேடியோவும் எட்டாது.

வடிவமைப்பு ஆய்வு என் தொழில். நிறத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுக்கும் வேலை என்று உறவினர்கள் நினைக்கிறார்கள், மறுத்து ஓய்ந்துவிட்டேன். ஒரு செய்தி யார் கைக்கு, எந்த வேளையில் போய்ச் சேர்கிறது, அதை வைத்து அவர் என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. நாகர்கோவிலில் மேசை முன் உட்கார்ந்தால் இது தெரியாது.

வீல் ஹவுஸில், அதாவது படகோட்டும் அறையில், ஸ்ராங்கு என்னும் படகோட்டிக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும். இன்ஜின் இரைச்சலில் கைபேசி மணி காதில் விழாது. உப்புத்தண்ணீருக்குப் பயந்து பாலித்தீன் உறைக்குள் சுற்றிவைத்த கைபேசி, ஈர விரல் பட்டால் அசையாது. இந்த நிலையில் அவருக்கு வேண்டியது மூன்றே விஷயங்கள்: புயல் இப்போது எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, படகை எங்கே ஒதுக்கலாம். ஒக்கியில் தப்பிய படகுகள் பல லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில்தான் ஒதுங்கின. கரை என்றால் சொந்தக் கரை என்று எச்சரிக்கையை எழுதுபவர் முடிவு செய்துவிடக் கூடாது.

ஒக்கிக்குப் பிறகு, கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்துக்கும் இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் வழியே செய்தி அனுப்ப வழி பிறந்தது. ஆனால் அந்தச் செய்தியின் முதல் வரி எது? நாங்கள் தயாரித்த மாதிரியில் ஜி.பி.எஸ்ஸில் அப்படியே தட்டக்கூடிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை முதலில் வைத்தோம். எச்சரிக்கை அனுப்பும் அரசுத் துறையின் பெயர் கடைசிக்குப் போனது. கூட்டத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது!

கடலோர ஊர்களில் கேள்வித்தாளோடு போவது எளிதல்ல. ஒக்கிக்குப் பிறகு அங்கே வந்துபோன ஆய்வாளர்கள் கொஞ்சநஞ்சமல்ல. வலைக்கூடத்துத் திண்ணையில் ஒரு வயதான அம்மா என் நோட்டைப் பார்த்துக் கேட்டார்: "எழுதிக்கொண்டு போகிறவர்கள் போகிறீர்கள், மக்களே. எழுதினதை என்ன செய்தோம் என்று சொல்ல ஒருத்தராவது வந்தாரா?"

அதிலிருந்து எங்கள் திட்டச் செலவில், அறிக்கை கொடுத்த பிறகு அதே ஊருக்கு ஒருமுறை போய்வரும் செலவையும் சேர்க்கிறேன். வேலை முடிந்த பிறகு எதற்குப் பயணப்படி என்று கணக்குப் பிரிவு ஒவ்வொரு முறையும் அதை அடிக்கிறது. நானும் ஒவ்வொரு முறையும் திரும்பச் சேர்த்து அனுப்புகிறேன்.