நாலு வருஷம் கழித்தும் இந்த ரீம் இருக்குமா?

என் மூத்தவன் ஐஸ் ஹொக்கியில் கோல்காப்பாளர். ரொறன்ரோவில் சின்னப் பெடியனாகத் தொடங்கி, பதினெட்டு வயதில் ஓஜேஎச்எல் எனப்படும் ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் விளையாடிக்கொண்டிருந்தான். அப்போது இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து கோச்மார் கதைத்தார்கள். இரண்டுமே அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உச்சமான முதற்பிரிவில் ஹொக்கி தொடங்கி ஒருசில வருடங்களே ஆன இடங்கள். அதில் ஒன்றில்தான் இப்போது படித்து விளையாடுகிறான் என்பதால் இரண்டின் பெயரையும் எழுதவில்லை. புதிய ரீமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று முடிவெடுக்க நாங்கள் என்ன பார்த்தோம், யாரிடம் என்ன கேட்டோம் என்பதை, இனி இதே வழியில் வரப்போகும் தாய் தகப்பன்மாருக்காக எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் பார்ப்பது வெற்றி தோல்விக் கணக்கைத்தான். நாங்களும் பார்த்தோம். ஆனால் புதிய ரீம் ஒன்றைப் பற்றி அது மிகக் குறைவாகவே சொல்கிறது. மினசோட்டாவின் செயின்ட் தோமஸ் பல்கலைக்கழகம் 2021இல் மூன்றாம் பிரிவிலிருந்து நேரே முதற்பிரிவுக்கு வந்தது. முதல் சீசனில் வென்றது 3, தோற்றது 32. அதே ரீம் நாலாவது சீசனில் தன் கொன்ஃபரன்ஸின், அதாவது தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டத்தின், இறுதிப்போட்டி வரை போனது. அரிசோனா ஸ்டேட் 2014 நவம்பரில், 3 கோடி 20 லட்சம் டொலர் நன்கொடையோடு, மாணவர் கிளப் மட்டத்திலிருந்து முதற்பிரிவுக்கு ஏறுவதாக அறிவித்தது. பாலைவனத்தில் ஐஸ் ஹொக்கியா என்று கேட்டவர்கள் அதிகம். முதல் இரண்டு முழுச் சீசன்களிலும் வென்றதைவிடத் தோற்றதே கூட. மூன்றாவதில், 2019இல், தேசிய ரூர்னமென்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

மறுபக்கம் அலபாமா ஹன்ட்ஸ்வில். அதைப் பற்றி என்னிடம் சொன்னவன் மகன்தான். "அம்மா, காம் டால்பொட் அங்கதான் விளையாடினவர்" என்றான். ஒன்ராறியோவின் கலிடோனியாவில் பிறந்து, பிறகு என்எச்எல் என்ற பெரிய தொழில்முறை லீக்கில் பல வருடம் விளையாடிய கோல்காப்பாளர் டால்பொட், என் மகனைப் போன்ற பெடியளுக்கு ஒரு பெரிய பெயர். அவர் இருந்த 2010இல் அந்த ரீம் தேசிய ரூர்னமென்டுக்குப் போனது. அதே வருடம் அவர்களுடைய கொன்ஃபரன்ஸின் ஆண்கள் பிரிவு கலைந்துவிட, மூன்று வருடம் தனித்து நின்றார்கள். 2013இல் டபிள்யூசிஎச்ஏ என்ற கொன்ஃபரன்ஸ் சேர்த்துக்கொண்டது. 2019இல் அதிலிருந்து ஏழு பல்கலைக்கழகங்கள் பிரிந்து போகிறோம் என்று அறிவித்தன. 2020 மே மாதம் ஹன்ட்ஸ்வில் ரீம் நிறுத்தப்பட்டது. ரசிகர்களும் பழைய மாணவர்களும் காசு சேர்த்து சில நாட்களிலேயே அதை மீட்டார்கள். ஒரு சீசன் விளையாடினார்கள். சேர்த்துக்கொள்ளக் கொன்ஃபரன்ஸ் கிடைக்கவில்லை. 2021 மே மாதம் மறுபடி நிறுத்தம்.

இதை வாசித்த இரவு நானும் இவரும் நெடுநேரம் கதைத்தோம். நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஊரில் ஹொக்கி இருந்தது. ஊர்ச்சனம் உயிரை விட்டு ஆதரித்தது. கொன்ஃபரன்ஸ் இல்லாததால் அத்தனையும் போய்விட்டது. அன்றுதான் எங்களுக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று விளங்கியது.

கொன்ஃபரன்ஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்று எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்கள் 350க்கு மேல் இருந்தாலும் ஆண்கள் ஹொக்கி இருப்பது அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றில்தான். அவை ஆறு கொன்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. தேசிய ரூர்னமென்டில் இடம் 16. ஆறு கொன்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேரே போவார்கள். மிச்சம் பத்து இடம் தரவரிசைப்படி. கொன்ஃபரன்ஸில் இல்லாத ரீமுக்கு அந்தப் பத்து மட்டுமே வழி. அதைவிடப் பெரிய கஷ்டம் ஜனவரி, பெப்ரவரி. எல்லோரும் தங்கள் கொன்ஃபரன்ஸ் ஆட்டங்களில் இருப்பார்கள், தனித்து நிற்கும் ரீமோடு விளையாட ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் "நீங்கள் இங்கே வாருங்கள்" என்பார்கள். பிள்ளை பாதி வருடம் பஸ்ஸிலும் விமானத்திலும் இருப்பான், படிப்பு பின்னால் ஓடும்.

எங்களோடு கதைத்த இரண்டு இடங்களில் ஒன்று அப்படித் தனித்து நின்ற ரீம். அந்தக் கோச் நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை, அடுத்த சீசன் அட்டவணையில் எத்தனை ஆட்டம் இன்னும் நிரம்பவில்லை என்பதைக்கூடச் சொன்னார். அவரில் எனக்கு இன்றும் மரியாதை. ஆனாலும் மறுத்தோம்.

மற்ற இடம் ஒரு கொன்ஃபரன்ஸில் முழு உறுப்பினர். அங்கே பல்கலைக்கழகச் செலவிலேயே எங்களைப் போய்ப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஜெர்சி, உடைமாற்றும் அறை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஆசையாகக் காட்டினார்கள். மகன் அதில் மயங்கி நின்றது எனக்குச் சந்தோஷம்தான். அந்த வயதில் அது வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் விளையாட்டுத் துறைத் தலைவரைத் தனியே சந்திக்கக் கேட்டோம். றிங்க் யாருடையது? நகரசபையுடையது என்றார். ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது? மகன் பட்டம் எடுக்கும் வருடத்தைத் தாண்டி என்றார். ரீமை ஓட்டும் காசு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு அவர் கதிரையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடங்க உதவியது ஒரு குடும்பத்தின் நன்கொடை, இப்போது பல்கலைக்கழக வரவுசெலவிலேயே ஹொக்கிக்கு ஒரு நிரந்தர ஒதுக்கீடு இருக்கிறது என்று விளக்கினார். இவர் விடவில்லை. "அந்தக் குடும்பம் நாளைக்குக் கையை எடுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கேட்ட விதம் கொஞ்சம் கடுமைதான். பதில் நேராக வந்தது: பயணமும் ஆட்சேர்ப்பும் சுருங்கும், புலமைப்பரிசில்கள் தொடரும். ரீமே நின்றாலும் மகன் அங்கேயே படிக்க விரும்பினால் காசு தொடருமா என்று நான் கேட்டேன். தொடரும் என்றார். அதை எழுத்தில் கேட்டோம். வீடு திரும்பிய கிழமையே கடிதம் வந்தது. சும்மா இனிக்கக் கதைப்பவர்கள் அப்படிக் கடிதம் தரமாட்டார்கள்.

ஒரு பெரிய கொடையாளி இருப்பது கெட்டது என்று நான் சொல்லவில்லை. பென் ஸ்டேட் ரீமே டெரி பெகுலா குடும்பத்தின் கொடையால் வந்ததுதான். 2010இல் 8 கோடி 80 லட்சம் டொலர், பிறகு 10 கோடிக்கும் மேல். ஆனால் அந்தக் காசு ஒரு றிங்க் ஆனது. 2013இல் அது திறந்தது. பென் ஸ்டேட் வந்ததால்தான் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டத்தில் ஹொக்கிக்கு ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன, புதிய ஹொக்கிக் கொன்ஃபரன்ஸ் பிறந்தது, பழைய சிசிஎச்ஏ கொன்ஃபரன்ஸ் கலைந்தது. 2025இல் பென் ஸ்டேட் தேசிய ரூர்னமென்டின் அரையிறுதிக்கு வந்த நாலு ரீம்களில் ஒன்று. அரிசோனா ஸ்டேட்டும் ஆயிரம் பேர்கூட இருக்கமுடியாத ஊர் றிங்க்கில் வருடக்கணக்கில் விளையாடி, 2022இல் 5,000 இருக்கைகளோடு சொந்த அரங்கு திறந்து, 2024இல் என்சிஎச்சி கொன்ஃபரன்ஸுக்குள் போனது. காசு கட்டடமாகவும் கொன்ஃபரன்ஸ் இடமாகவும் மாறிவிட்டால் அதை நிறுத்துவது யாருக்கும் லேசில்லை.

கோல்காப்பாளருக்குப் புதிய ரீமில் ஒரு தனி நன்மை உண்டு. பழைய பெரிய இடங்களில் மூன்று கோல்காப்பாளர் இருப்பார்கள், ஒருவர்தான் விளையாடுவார், முதலாம் ஆண்டுப் பெடியன் பெரும்பாலும் வாங்கில் இருப்பான். புதிய ரீமில் சீக்கிரம் வாய்ப்புக் கிடைக்கும், கோலை நோக்கி வரும் அடிகளும் நிறைய இருக்கும். ஜோயி டக்கோர்ட் அரிசோனா ஸ்டேட்டின் அந்த ஆரம்பத் தோல்விக் காலத்தில் நின்று விளையாடித்தான் என்எச்எல் போனார். 2024 புதுவருட நாளில் வின்டர் கிளாசிக் என்ற திறந்தவெளி என்எச்எல் ஆட்டத்தில் சியாட்டிலுக்காக ஒரு கோலும் விடவில்லை. மகன் அந்த ஆட்டத்தின் துண்டுகளை எத்தனை தரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

இடையில் விதிகளும் மாறின. முன்பு ஓஎச்எல் போன்ற, ஓஜேஎச்எல்லுக்கு மேலான பெரிய ஜூனியர் லீக்கில் விளையாடியவனுக்கு என்சிஏஏ கதவு மூடியிருந்தது. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க வாக்களித்தார்கள், 2025 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறை. வயதிலும் அனுபவத்திலும் கூடிய ஓஎச்எல் பெடியள் பல்கலைக்கழகங்களுக்கு வரத் தொடங்க, ஓஜேஎச்எல் பிள்ளைகளுக்கு இடம் நெருக்கமானது. முன்பு ஒரு ரீமுக்கு 18 புலமைப்பரிசில் என்ற அளவு இருந்தது. இப்போது என்சிஏஏயின் புதிய விதிமுறையில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் 26 பேர் வரை மட்டுமே ரீமில் இருக்கலாம், எல்லோருக்கும் முழுப் புலமைப்பரிசிலும் கொடுக்கலாம். பணமுள்ளவர்கள் அப்படிக் கொடுப்பார்கள். சின்னப் புதிய ரீம்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் என் மனதில் இன்னும் கிடக்கும் கவலை. ஆனால் பெரிய ரீம்களில் இடம் கிடைக்காத நல்ல பெடியளும் இனிப் புதிய ரீம்களைத்தான் தேடுவார்கள். அதனால் ரீமின் தரம் ஏறும், கூடவே எங்கள் பிள்ளைக்குப் போட்டியும் ஏறும். கோச்சிடம் இதையும் நேரே கேட்டோம்: ஓஎச்எல்லிலிருந்து கோல்காப்பாளர் எடுக்கப் போகிறீர்களா? இந்த வருடம் இல்லை, அடுத்த வருடத்துக்கு வாக்குத் தரமுடியாது என்றார். அதைக் கேட்டு மகன்தான் முதலில் தலையாட்டினான்.

கடதாசி வேலை பற்றிச் சுருக்கமாக. வாய்மொழி வாக்கு யாரையும் கட்டாது. கையெழுத்திடும் நிதியுதவி ஒப்பந்தம்தான் கணக்கு. முன்பிருந்த தேசிய உடன்படிக்கைப் பத்திரம் 2024 ஒக்ரோபரில் எடுக்கப்பட்டுவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கிய பாடங்கள் வேண்டும், அதில் 10 பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன் முடியவேண்டும். ஒன்ராறியோப் பாடங்கள் சில கணக்கில் வராது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஆலோசகரிடம் சொல்லிவையுங்கள். கனடாக் குடியுரிமை உள்ளவருக்கு மாணவ விசா முத்திரை தேவையில்லை, ஆனால் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 பத்திரமும், செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 அமெரிக்க டொலர் கட்டணப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். அமெரிக்க மாணவர்கள் விளம்பரக் காசு வாங்குவதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஒன்றிலும் கையெழுத்திடக்கூடாது. மாணவ விசா நிலையில் அது சிக்கல், சட்டத்தரணியிடம் கேட்காமல் தொடவே கூடாது.

மகனின் புலமைப்பரிசில் முழுதல்ல. கட்டணமும் தங்குமிடமும் பெரும்பகுதி போகும், சாப்பாட்டில் ஒரு பங்கும் புத்தகமும் எங்கள் பொறுப்பு. அதுவும் வருடா வருடம் புதுப்பிப்பது. புதுப்பிப்பா இல்லையா என்பதை ஜூலை 1க்கு முன் பல்கலைக்கழகம் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இந்த வருடக் கடிதம் வந்துவிட்டது, தொகை கொஞ்சம் கூடியிருக்கிறது. செப்டெம்பரில் புதிதாக ஒரு கோல்காப்பாளர் வருகிறார், ஓஎச்எல்லிலிருந்து. மகன் கோடை முழுக்க மார்க்கம் றிங்க்கில் காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.