பிரேக் பிடித்தால் 'கடக்': பழைய ஆல்ட்டோவின் முன்பக்கச் சத்தம்

எங்களிடம் இருப்பது 2006 மாடல் ஆல்ட்டோ. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தெருவில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடதுபுறம் லொடக் லொடக்கென்று சத்தம். பட்டறையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஷாக் அப்சார்பர் போயிருச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்றார்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. பானெட்டை அழுத்தி விட்டால் வண்டி ஒரே எழும்பலில் நின்றுவிடுகிறது; ஷாக் போயிருந்தால் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். சரி, நாமே பார்ப்போம் என்று எடுத்து வந்துவிட்டேன்.

எதையும் கழற்றுவதற்கு முன், சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தேன். காதை மட்டும் நம்ப முடியாது. பாடி வழியாகச் சத்தம் எங்கிருந்தோ வருவதுபோலக் கேட்கும். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தேன். ஷாக்கை மேலே பாடியோடு பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் தேய்ந்திருந்தால் அங்கேயே முனகியிருக்கும், ஒன்றுமில்லை. ஒடித்தபடியே வட்டமடித்தபோது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டும் அமைதி. கடைசியில் பிரேக்தான் துப்புக் கொடுத்தது. முன்னால் போய்ப் பிடித்தால் ஒரு 'கடக்', ரிவர்ஸில் வந்து பிடித்தால் இன்னொன்று. அப்படியென்றால் ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள்.) டயரை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டின் தேய்மானம் தெரியும், மேலும் கீழுமாக ஆட்டினால் சக்கரத்தின் அடிப்பக்க மூட்டான பால் ஜாயின்ட், வீல் பேரிங். இரண்டிலும் ஆட்டமில்லை.

வண்டியை இறக்கி, தம்பியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணன் முன்னால் நின்று வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினார். நான் டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இன்னொரு தடவை!" இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் கம்பியின் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுப்பது) முனை, லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) துளைக்குள் நுழைந்து வரும். ஆர்ம் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்து வைப்பதும் அந்தக் கம்பிதான். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் பொடிந்து, கருந்தூளாக வாஷரில் ஒட்டியிருந்தது. கம்பி உரசிய இடம் மட்டும் துருவில்லாமல் பளபளத்தது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் ஆர்ம் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் இடத்தைக் காட்டி, இரண்டு பக்கமும் புஷ் மாற்றச் சொன்னேன். ஆர்மின் உள்பக்க புஷ்ஷும் வெடித்திருந்ததால் அதையும் சேர்த்தே போட்டார். உள்பக்க புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தரையில் இறங்கி, வண்டி எடை விழுந்த பிறகே முழுதாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். கம்பி முனை நட்டு கழன்றுவிடாமல் இருக்கப் புது ஸ்ப்ளிட் பின் போட்டாரா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் வீல் அலைன்மெண்ட். பிரேக் பிடித்தால் இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது. புஷ்களுக்கு ஆனதைவிட அலைன்மெண்ட்டுக்குத்தான் அதிகம் கொடுத்தேன்.